இருநூற்றுப் பதினொன்றாம் பிணைப்பு

மார்ச் 4

பிடிவாதக்காரிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. ஆய்வக மெயிலைத் தலைவர் திறந்து படிக்கிறார் என்பது உனக்கே தெரியும். அதனால் ஸ்டாம்பு ஒட்டி எழுதுகிறேன். கடிதத்தையும் திருப்பி அனுப்பிவிடாதே, தாயே.

திங்கள்கிழமைக் கூட்டத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாய். வீட்டுக்காவது வருவாய் என்று பார்த்தேன். நீ இருநூறு மைல் தள்ளிப்போய் அந்த எக்ஸ்ரே கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். உன் அறையை அப்படியே பூட்டி வைத்திருக்கிறேன். உன் அண்ணன் தினமும் அந்தக் கதவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதோடு ஒரு படிவம் இருக்கிறது. நம் ஆய்வுப் பேப்பரில் நான்கு பெயர். மூன்று கையெழுத்து விழுந்துவிட்டது, நான்காவது கட்டம் உன்னுடையது. அது இல்லாமல் பேப்பர் நகராது. நீ போன பிறகு 211-ஆம் பிணைப்பைத் தலைவர் சொன்னபடி நானே திருப்பிவிட்டேன். சிஸ் இருந்த இடத்தில் இப்போது டிரான்ஸ். நான்கு கிளிக்தான். பரிசோதனை அறிக்கையில் பிழை காட்டும் சிவப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை.

யார் அறிக்கையில் சிவப்பு இருக்கிறதோ அவர் அந்த வாரம் எல்லோருடைய கோப்பைகளையும் கழுவ வேண்டும் என்பது நம் ஆய்வக வழக்கம். நீ அந்த ஒரு புள்ளிக்காக ஐந்து வாரம் கழுவினாய். பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் வேலையை விடுவார்களா?

என் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. பேப்பர் போனால் இன்னும் மூன்று வருடம். போகவில்லையென்றால் என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை. புரதப் படிகங்களை வளர்க்க நான் பதினாலு மாதம் பட்ட பாடு உனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணி,

மாட்டேன்.

இதோடு நிறுத்தினால் திமிர் என்பீர்கள். திமிர்தான். ஆனாலும் விளக்குகிறேன். உங்களுக்கு விளக்க என்ன இருக்கிறது, எல்லாம் தெரிந்தவர்கள். அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். அவன் பாவம், வீட்டில் ரெண்டு பேர் எதற்காக முட்டிக்கொள்கிறோம் என்றே தெரியாமல் நடுவில் நிற்கிறான்.

அண்ணா, நீ கடைகளுக்கு மடக்குக் கதவு செய்கிறாயே, புரதம் அது மாதிரி. பலகை, கீல், பலகை, கீல் என்று நீளமாகப் போகும். கீல் சுழலும், பலகை சுழலாது. ஓர் அமினோ அமிலத்தை அடுத்ததோடு சேர்க்கிற பிணைப்புதான் அந்தப் பலகை. ஆறு அணுக்கள் ஒரே தளத்தில் தட்டையாகப் படுத்திருக்கும். பலகைக்கு ரெண்டு கீல். அவை எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் டிரான்ஸ், ஒரே பக்கத்தில் இருந்தால் சிஸ். ஒரே பக்கம் என்றால் நெருக்கடி, இரண்டு பக்கத்துச் சாமான்களும் இடித்துக்கொள்ளும். அதனால் இயற்கை பெரும்பாலும் டிரான்ஸாகத்தான் போடும். புரோலின் என்று ஓர் அமிலம் இருக்கிறது, அதற்கு முன்னால் மட்டும் சிஸ் அவ்வப்போது வரும். மற்ற இடங்களில் பத்தாயிரத்துக்கு மூன்று. பத்தாயிரத்துக்கு மூன்று என்றால் சைபர் இல்லை, அண்ணா. இதைத்தான் உன் பெண்டாட்டியின் தலைவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

படிகத்தின் மேல் எக்ஸ்ரே அடித்தால் எலெக்ட்ரான் மேகம் ஒன்று படமாகக் கிடைக்கும். அந்த மேகத்துக்குள் பலகைகளைப் பொருத்துவது என் வேலை. கணினி நிரல் கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் டிரான்ஸாகவே அடித்துவிடும். 211-இல் அது அடித்தபோது பக்கத்தில் பச்சைத் திட்டு வந்தது. 'இங்கே ஒரு அணு இருக்கிறது, நீ வைக்கவில்லை' என்று படம் சொல்வதுதான் பச்சை. நான் சிஸாக வைத்துப் பார்த்தேன். பச்சை காணாமல் போனது. இது புரதத்தின் ஏதோ ஒரு மூலையும் இல்லை. கிருமிக்குள் நாம் அனுப்பும் மருந்தை நொதியான இந்தப் புரதம் கிழித்துப் போடுகிறதே, அந்த வாய்க்குப் பக்கத்துப் பலகை.

தலைவர் சொன்ன ஒரே காரணம் என்ன, அண்ணி? "அக்கா புரதத்துல நேரா இருக்கு, தங்கச்சில மட்டும் எப்படிம்மா கோணும்?" அக்கா புரதம் என்றால் ஒன்பது வருடத்துக்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்தது. தங்கை இப்போது நாம் செய்தது. குடும்பத்தில் அக்கா எப்படியோ தங்கையும் அப்படித்தான் என்று சொல்வதற்கு இதென்ன பெண் பார்க்கும் சமாசாரமா?

அவரையாவது விடுங்கள். அன்றைக்கு நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தீர்கள். உங்கள் வாயில் பூட்டா போட்டிருந்தது? எனக்கு அதுதான் ஆறவில்லை, அண்ணி.

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் திருப்பிய பிறகு பலகை தட்டையாக உட்கார்ந்ததா? நூற்றெண்பது டிகிரி இருக்க வேண்டும். எவ்வளவு இருக்கிறது?

படிவம் மேசையில் இருக்கிறது. அதன் மேல் டீ டம்ளர் வைத்திருக்கிறேன்.

உங்கள் வாயாடி


மார்ச் 15

வாயாடிக்கு,

உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். பட்டறையில் ஒரு கதவுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் கேட்டார். கடைசியில், "அவ சொல்றது நல்லாப் புரியுது. பலகை முறுக்கிக்கிட்டு நிக்குதுன்னா மரத்தக் குத்தம் சொல்லக் கூடாது. யாரோ வளைச்சுப் புடிச்சு ஆணி அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்" என்றார். அப்புறம், "ஆமா, எவ்வளவு முறுக்கியிருக்கு?" என்று என்னிடமே கேட்டார். உங்க வேலையைப் பாருங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அண்ணனும் தங்கையும் சேர்ந்து என்னைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

நீ என்னமோ உண்மைக்குக் காவல் நிற்கிற மாதிரி பேசுகிறாய். உனக்கு வயது இருபத்தெட்டு. ஓர் இடம் போனால் இன்னோர் இடம். எனக்கு நாற்பத்து மூன்று. இந்த ஊரில் புரதப் படிகம் வளர்க்கத் தெரிந்தவளுக்கு இந்த ஒரு கட்டடத்தைத் தவிர வேறு கதவு இல்லை. அதை நீ ஒரு தடவையாவது யோசித்தாயா? ஆறு அணுவுக்காக ஒற்றைக் காலில் நிற்கிறாய், அண்ணியின் சோற்றுக்கு என்ன வழி என்று கேட்கவில்லை.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாய். திறக்கவில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் உன்னிடம் கணக்குச் சொல்ல முடியாது.

டம்ளர் வட்டம் விழுந்த படிவத்தை அவர்கள் ஏற்க மாட்டார்கள். புதிதாக ஒன்று வைத்திருக்கிறேன்.

அண்ணி


மார்ச் 20

அண்ணி,

நான் கேட்டது ஓர் எண். நீங்கள் எழுதியது ரெண்டு பக்கம். அதில் அந்த எண் இல்லை.

பதில் வராததால் வேறு வேலை செய்தேன். பொதுத் தரவுக் களஞ்சியத்தில் உங்கள் அக்கா புரதம் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரிதானே கிடக்கிறது. இறக்கிக்கொண்டேன். சத்தியமாக உங்களைப் பிடிக்க வேண்டும் என்று தேடவில்லை. தங்கையில் சிஸ் என்று நிரூபிக்க, அக்காவில் அதே பலகை எப்படிச் சௌக்கியமாக டிரான்ஸாக உட்கார்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டலாம் என்று பார்த்தேன்.

சௌக்கியமாக இல்லை. நூற்று ஐம்பத்து இரண்டு. இருபத்தெட்டு டிகிரி முறுக்கு. முந்நூறு பலகைகளில் மற்றதெல்லாம் சமர்த்தாகத் தட்டையாக இருக்க, இது ஒன்று மட்டும் கழுத்தைத் திருகிய மாதிரி நிற்கிறது. முப்பதைத் தாண்டினால்தான் அறிக்கையில் சிவப்பு விழும். இருபத்தெட்டு என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

மூன்று தடவை அளந்தேன். அண்ணன் பட்டறையில் சொன்னது ஞாபகம் வந்தது.

நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. தங்கையில் சிஸ் என்றால் அக்காவிலும் சிஸ். உங்களுக்குப் பேரும் வேலையும் வாங்கிக் கொடுத்த அந்தப் புரத மாதிரியில் பிழை. நீங்கள் திருப்பியது தலைவருக்காக மட்டும் இல்லை.

கோபமாக இருக்கிறேன், அண்ணி. பயமாகவும் இருக்கிறது. உங்கள் மாதிரியை நம்பி மருந்து செய்கிற வேதியியல்காரர் ஒருவர் இங்கே வந்து போகிறார். அந்த நொதியின் வாயை அடைக்க ஒரு மூலக்கூறு தேடுகிறார். 211-இல் இருக்கிற ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிற மாதிரி வரைகிறார், செய்கிறார், ஒட்டவில்லை. நாலு வருடமாக ஒட்டவில்லை. "எங்க கைதான் சரியில்ல போல" என்று போன வாரம் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆக்சிஜன் அந்தப் பக்கத்திலேயே இல்லை என்று யார் அவரிடம் சொல்வது?

ஒரு பந்தயம். உங்கள் பழைய படிகங்கள் நம் ஆய்வகத் திரவ நைட்ரஜன் தொட்டியில் இன்னும் இருக்கின்றன. அன்றைக்கு ஆய்வகத்துப் பழைய எந்திரத்தில் எடுத்தீர்கள், படம் மங்கல். இங்கே கதிர் பல மடங்கு பலமானது. ஒரே ஒரு படிகம் அனுப்புங்கள். டிரான்ஸ் என்று வந்தால் அந்த நிமிடமே கையெழுத்து, உங்கள் காலில் விழுந்து ஒரு மன்னிப்பும். சிஸ் என்று வந்தால் என்ன செய்வதென்று நீங்கள் சொல்லுங்கள்.

அனுப்பத் தைரியம் இருக்கிறதா?

வாயாடி


மார்ச் 24

யாரைப் பார்த்துத் தைரியம் என்று கேட்கிறாய்?

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இந்த ஆய்வகத்தில் குளிர்சாதனம்கூடக் கிடையாது. கோடையில் படிகம் கரையும். ஈரத்துணி சுற்றிய பெட்டியில் வைத்துக் காப்பாற்றினேன். எழுபது தடவை தோற்றேன். எழுபத்தோராவது தடவை ஒரு கடுகளவு வந்தது. அன்றைக்கு நீ கல்லூரிப் பையோடு என் சமையலறையில் உட்கார்ந்து என் பங்குப் பாலையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தாய். இப்போது நல்ல கதிரும் நல்ல எந்திரமும் கையில் கிடைத்தவுடன் அண்ணியின் குப்பைக்கூடையைக் கிளறுகிறாயா?

கூர்மை இரண்டு புள்ளி ஆறு. அந்த மங்கலில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நீயாக இருந்தாலும் முடியாது. தெரியாததைத் தெரியாது என்று விட்டதற்குப் பெயர் பொய் இல்லை.

படிகம் கிடையாது. இனி எழுதாதே. படிவமும் வேண்டாம்.


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணி,

எழுதாதே என்றீர்கள். பதினேழு நாள் எழுதவில்லை. எனக்கு அது பெரிய சாதனை.

நேற்று குளிர்ப்பெட்டி வந்து சேர்ந்தது. அனுப்புநர் பெயர் இல்லை, கடிதமும் இல்லை. ஆனால் உள்ளே சீட்டில் அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? ஒரு படிகம் கேட்டேன், மூன்று அனுப்பியிருக்கிறீர்கள். பெட்டிக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். பக்கத்து ஆள் நைட்ரஜன் புகை என்று நினைத்துக்கொண்டார்.

முதல் படிகம் உடைந்துவிட்டது. ரெண்டாவதில் ஐஸ் பிடித்திருந்தது. மூன்றாவது உங்களை மாதிரி, சின்னதாக இருந்தாலும் அசையவில்லை. ஒன்று புள்ளி ஐந்து கூர்மை, உங்கள் மங்கலான இரண்டு புள்ளி ஆறு எங்கே, இது எங்கே! இந்த மாதத்தில் இங்கே இவ்வளவு அழகாக எதுவும் வரவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஈரத்துணிக்குள் வளர்ந்தது என்று சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை.

இப்போது கவனமாகப் படியுங்கள். எக்ஸ்ரே சிதறி விழுந்த புள்ளிகளை மட்டும்தான் பார்த்தேன். மேகப் படத்தை நான் உருவாக்கவில்லை. கை துறுதுறுவென்று இருந்தது, கையை மடியில் வைத்துக்கொண்டேன். தரவு முழுவதும் இந்தக் கணினி வட்டில் இருக்கிறது. என்னிடம் நகல் கிடையாது, இங்கிருக்கிற கணினியிலும் அழித்துவிட்டேன். உங்கள் படிகம், உங்கள் புரதம். நீங்கள்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வட்டோடு இன்னொரு உறையும் இருக்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பந்தயம் என்றால் பந்தயம். டிரான்ஸாக இருந்தால் அதை அனுப்புங்கள். டிரான்ஸாக இல்லாவிட்டாலும் நீங்கள் அனுப்பலாம், எனக்குத் தெரியப்போவதில்லை. தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். உங்கள் தலைவருக்குப் பயந்து நான் இதைச் செய்யவில்லை. அவர் முன்னால் இப்போது நின்றாலும் சிஸ் என்றுதான் சொல்வேன், ஐம்பது வாரம் கோப்பை கழுவினாலும் சொல்வேன். உங்களை நம்பித்தான் செய்தேன். அது முட்டாள்தனமாக இருந்தால் இருக்கட்டும்.

வாயாடி


ஏப்ரல் 30

என் கண்ணு,

வட்டு வந்து பன்னிரண்டு நாள் அதைத் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். இதை மறைக்கப்போவதில்லை. உன் கையெழுத்துப் போட்ட படிவத்தைத் தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். ஒருநாள் அதற்கு உறை எழுதி, ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். தபால் பெட்டிவரை போனேன். அங்கே நின்று உன்னைத் திட்டினேன். இப்படி ஒருத்தியை நம்புவார்களா, அறிவிருக்கிறதா உனக்கு?

வீட்டுக்கு வந்து கணினியைப் போட்டேன். 211-ஐயும் 212-ஐயும் எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டுப் படத்தை உருவாக்கச் சொன்னேன். நானே எதையும் திணித்துவிடக் கூடாது என்றுதான். உன் அண்ணன் பின்னால் வந்து நின்றார். மேகம் வந்தது. ஒவ்வொரு அணுவும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்குத் தெளிவு.  அவரே விரலை வைத்துக் காட்டி, "ரெண்டு கீலும் ஒரே பக்கமா இருக்கே, இதுதானா அது?" என்றார்.

இதுதான். சிஸ். பலகையை வைத்தேன், எந்த முறுக்கும் இல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டது.

இனி நீ கேட்காததையும் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று விட்டேன் என்று எழுதினேனே, அது பொய். மங்கலான படம்தான், ஆனால் அந்த இடத்தில் ஒரு புடைப்பு இருந்தது. நான் சிஸ் வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. தலைவரிடம் கொண்டுபோனேன். "புரோலின் இல்லாத எடத்துல சிஸ்ஸா? புதுசா வந்தவ நீ, ஊர் சிரிக்கும்மா. திருப்பு" என்றார். திருப்பினேன். முறுக்கிக்கொண்டு நாற்பது டிகிரியில் நின்றது. இருபத்தெட்டுக்கு வரும்வரை நிரலின் கட்டுப்பாட்டை இறுக்கி இறுக்கி ஓட்டினேன். மூன்று நாள் ஆனது. முப்பதுக்குக் கீழே வந்தால் போதும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எழுபத்தொரு தடவை முயன்று வளர்த்த படிகத்தின் கழுத்தை நானே திருகினேன். அன்றைக்கு நீ வீட்டில் ஏன் அண்ணி சாப்பிடவில்லை என்று கேட்டாய். தலைவலி என்றேன்.

உன் தங்கைப் புரதத்தில் நான் திருப்பியபின் எவ்வளவு என்று கேட்டாயே, இருபத்தொன்பது. எனக்குப் பழக்கமான வேலை.

திங்கள்கிழமைக் கூட்டத்தில் பழையது, புதியது என்று ரெண்டு படங்களையும் சுவரில் ஒட்டினேன். கீழே சிவப்புப் பேனாவால் நானே வட்டம் போட்டேன். எல்லோரும் கோப்பையைக் கையில் பிடித்தபடி பார்த்தார்கள். தலைவர் படங்களுக்குக் கிட்டே வந்து பார்த்தார். அப்புறம் மெதுவாக, "பழசை எல்லாம் எதுக்குக் கிளறுற? யாருக்கு என்ன லாபம்?" என்றார்.

"நீங்க திருப்பச் சொன்னீங்க சார், நான் திருப்பினேன். தப்பு ரெண்டு பேர் மேலயும்தான். என் பங்கை நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

"உன் ஒப்பந்தம் ஜூன்ல முடியுது. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு சார். ஜூன்லயும் இது சிஸ்தான். ஜூலையிலயும் சிஸ்தான்."

என் குரல் என்று எனக்கே நம்ப முடியவில்லை. உன் வாய் எப்படியோ எனக்கும் ஒட்டிக்கொண்டது. அவர் எழுந்து போய்விட்டார். பேப்பரை நிறுத்திவிட்டார். ஒப்பந்தம் நீளாது என்று அலுவலகத்திலிருந்து இன்று கடிதம் வந்தது. பயமாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். உன் அண்ணன், "பட்டறையில கணக்கு எழுத ஆள் வேணும்" என்று கிண்டல் செய்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் படிகம் வளர்க்கிறவள். எங்கேயாவது வளர்ப்பேன்.

உன் கையெழுத்துப் படிவத்தைக் கிழித்துவிட்டேன். அந்த வேதியியல்காரருக்குப் புதிய மாதிரியை இன்று காலையே அனுப்பினேன். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை, என் ஆக்சிஜன்தான் தப்பான பக்கத்தில் இருந்தது என்று எழுதினேன்.

தரவுக் களஞ்சியத்திலிருந்து பழைய மாதிரியை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க ஒரு படிவம் உண்டு. பெயர், எண், தேதி எல்லாம் எளிது. கடைசியில் 'மாற்றத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம். 'மேலும் கூர்மையான புதிய தரவு' என்று எழுதினால் போதும், எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். மானமும் தப்பும், பொய்யும் இல்லை. அதைத்தான் முதலில் எழுதினேன். அழித்துவிட்டு, 'அன்றைக்கே எனக்குத் தெரியும்' என்று எழுதி, என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அண்ணி